எமது கடல்நீரேரியின் உயிர்கள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



ஒடியற்கூழ் என்றதும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எம்மவருக்கு நண்டும் இறாலும் கணவாயும் நினைவுக்கு வரும். இவை முள்ளந்தண்டற்றவை என்று விலங்கியல் வகுப்பிற் படித்தோம். ஏறத்தாழ 400 சதுர கிலோமீற்றர் பரந்த யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் ஆழமற்ற நீரில், சாதாளைகளுக்கிடையே, நண்டும் இறாலும் வளர்கின்றன. ஒரா மீனும் அங்கேதான் மேய்கிறது.

கூழுக்குச் சேராத ஒன்றும் அங்குண்டு. அதுதான் கடலட்டை, நட்சத்திர மீனுக்கு உறவு. மண்ணை விழுங்கி, அதிலுள்ள உக்கலை உணவாக்கி, மண்ணைத் திரும்ப வெளியே விடும். தோட்டத்தில் மண்புழு செய்யும் வேலையைக் கடலடியில் இது செய்கிறது.

நாம் அதை உண்பதில்லை. அவித்துக் காயவைத்துச் சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறோம். விலை அதிகம். ஆகவே கரையோரத்தில் வலையடைத்த பண்ணைகள் பெருகிவிட்டன. அவற்றால் அடுப்பெரியும் குடும்பங்கள் உண்டு. களங்கட்டி போட்டு வாழ்வோரோ, இறால் வரும் வழியும் வள்ளம் போகும் வழியும் அடைபடுவதாகச் சொல்கிறார்கள். இரு பக்கமும் எமது சனங்களே.

எங்கே அடைக்கலாம், எங்கே கூடாது என்பதை நீரோட்டத்தையும் சாதாளைப் படுக்கைகளையும் அளந்து, மீனவரிடமும் கேட்டே தீர்மானிக்க வேண்டும். அந்த வேலைக்குக் கடலைக் கற்ற பெண்கள் தேவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கடற்றொழிலியல் கற்பிக்கப்படுகிறது. புலம்பெயர்ந்த சகோதரிகளே, கரையோரக் கிராமத்திலிருந்து வரும் ஒரு தங்கையையாவது அங்கு படிக்க வையுங்கள். கட்டிடத்துக்குத் தரும் நிதியைப்போல் இதுவும் பாடசாலைக்குச் செய்யும் தொண்டே.