கோஷா ஆஸ்பத்திரி

விஸ்வநத்தத்தில் இன்று ஒரு பெண்ணுக்கு வலி வந்தால், ராத்திரி எந்த நேரமானாலும் 108-க்கு போன் போட்டு, சிவகாசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மதராஸ் பட்டணத்திலேயே நிலைமை வேறு.

கோஷா, அதாவது பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் இருக்கும் முறை, உள்ள குடும்பங்களில் ஆண் டாக்டர் வீட்டுக்குள் வரக் கூடாது என்பது வழக்கம். திரைக்குப் பின்னால் பிரசவம் சிக்கலானால் கூட இருப்பவர்களால் அழத்தான் முடியும். அப்படிப் போன உயிர்கள் எத்தனையோ!

1866-ல் ஒரு வக்கீலின் மனைவியாக மதராஸுக்கு வந்த மேரி ஷார்லீப் இதைக் கண்டு பொறுக்க முடியாமல், எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தார். அது போதவில்லை. 1875-ல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்; கூடச் சேர்ந்த பெண்கள் மூன்றே பேர். பிறகு லண்டன் போய் டாக்டர் பட்டம் வாங்கி, விக்டோரியா மகாராணியையும் பார்த்துப் பேசிவிட்டு, 1883-ல் திரும்பினார்.

அவருடைய முயற்சியால் 1885-ல் நுங்கம்பாக்கத்தில் இந்தப் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி திறந்தார்கள். வைத்தியம் பார்ப்பது பெண்கள் என்று தெரிந்ததும், வாசலைத் தாண்டாத பெண்களும் வந்தார்கள். வெங்கடகிரி ராஜா நன்கொடை கொடுத்தார். 1890-ல் திருவல்லிக்கேணிக்கு, கடற்கரைப் பக்கம் இடம் மாறியது.

இப்போது அதற்கு கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனை என்று பெயர். ஆனால் திருவல்லிக்கேணியில் ஆட்டோக்காரரிடம் "கோஷா ஆஸ்பத்திரி" என்று சொல்லிப் பாருங்கள். நேராக அதன் வாசலில் இறக்கிவிடுவார்.