ஊர் வளரும் முன்னே வழி வேண்டும்



ஒரு வீடு கட்டுகிறார்கள். இன்றைக்கு ஓர் அறை போதும். ஆனாலும் அஸ்திவாரத்தைப் பலமாகப் போடுகிறார்கள். ஏன்? நாளைக்குப் பிள்ளைகள் வளர்வார்கள். மாடி எடுக்க வேண்டும். வீட்டுக்கே இவ்வளவு யோசனை வேண்டும் என்றால், நகரத்துக்கு எவ்வளவு வேண்டும்?

கொல்கத்தா நகரத்தின் கதையைக் கேளுங்கள்.

நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் திரண்டு வந்தார்கள். நகரம் பிதுங்கியது. அங்கே நிலத்தில் சாலைக்குக் கிடைத்த பங்கு மிகவும் குறைவு. பஸ்ஸும் டிராமும் ஊர்ந்தன. வேலைக்குப் போகிறவர்கள் படியில் தொங்கினார்கள்.

மேலே இடம் இல்லை. பூமிக்கு அடியில் ரயில் விடலாம் என்று 1949-இல் முதலமைச்சர் பி. சி. ராய் யோசனை சொன்னார். அப்போது அது நடக்கவில்லை. 1971-இல் ஒரு பெரிய திட்டம் தயாரானது. ஐந்து பாதைகள். மொத்தம் 97.5 கிலோமீட்டர்.

1972-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். வேலை எளிதாக இல்லை. நடுச் சாலையைத் தோண்ட வேண்டும். அடியில் தண்ணீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி எல்லாம் இருந்தன. அவற்றை இடம் மாற்ற வேண்டும். பணத் தட்டுப்பாடு வந்தது. நீதிமன்ற வழக்குகள் வந்தன. பள்ளத்தின் ஓரத்திலேயே மக்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள்.

1984 அக்டோபர் 24-இல் முதல் ரயில் ஓடியது. இந்தியாவின் முதல் பாதாள ரயில் அதுதான். ஓடிய தூரம் 3.4 கிலோமீட்டர். டம்டம் முதல் டாலிகஞ்சு வரை முழுப் பாதையும் 1995-இல்தான் முடிந்தது. 16 கிலோமீட்டருக்கு 23 ஆண்டுகள்!

அதே திட்டத்தில் இன்னொரு பாதையும் இருந்தது. அது கிழக்கே சால்ட் லேக் பகுதியையும், மேற்கே ஹூக்ளி ஆற்றின் அக்கரையில் உள்ள ஹவுராவையும் இணைப்பது. அதன் வேலை 2009-இல்தான் தொடங்கியது.

சால்ட் லேக் திட்டம் போட்டுக் கட்டிய புது ஊர். அங்கே சாலைகள் அகலம். தூண் எழுப்பி மேலேயே ரயில் விட முடிந்தது. 2020-இல் அந்தப் பகுதியில் ரயில் ஓடியது.

பழைய நகரத்தில் என்ன நடந்தது? பாதையின் ஒரு பகுதியையே மாற்ற வேண்டி வந்தது. பௌபஜார் நெருக்கமான இடம். நகைப் பட்டறைகளும் பழைய வீடுகளும் நிறைந்த இடம். 2019 ஆகஸ்ட் கடைசியில் அங்கே சுரங்கம் தோண்டினார்கள். மண்ணுக்குள் இருந்த நீர் பீறிட்டு வந்தது. மேலே வீடுகள் விரிசல் விட்டன. சில இடிந்து விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்திய துணியோடு வெளியேறினார்கள். 2022-இலும் அங்கே வீடுகளில் விரிசல் கண்டது.

ஆனாலும் வேலை நின்றுவிடவில்லை. 2024-இல் ஆற்றுக்கு அடியிலேயே ரயில் ஓடியது. ஆற்றின் கீழே 520 மீட்டர் தூரம். கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 2025 ஆகஸ்டில் முழுப் பாதையும் திறந்தது. ஹவுரா, சியால்டா என்ற இரண்டு பெரிய ரயில் நிலையங்களும் இணைந்தன. வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி.

கணக்குப் பாருங்கள். 1971-இல் காகிதத்தில் போட்ட கோடு. 2025-இல் முழுமையான ரயில் பாதை. அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை இன்று பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

இதில் பாடம் என்ன? ஊர் வளர்ந்த பிறகு வழி தேடினால் செலவு அதிகம். காலமும் அதிகம். வீடு இழக்கிறவர்களின் துயரமும் அதிகம். முப்பது ஆண்டுக்கு முன்பே வழிக்கு இடம் ஒதுக்க வேண்டும். மண்ணையும் நீரையும் நன்றாகச் சோதிக்க வேண்டும். மேலே குடியிருக்கும் மக்களிடம் முன்னதாகவே சொல்ல வேண்டும். வீடு போனால் மாற்று வீடு தர வேண்டும்.

இது பெரிய நகரத்துக்கு மட்டும் உள்ள பாடம் அல்ல. உங்கள் ஊரும் வளர்கிறது. புது மனைகள் பிரிக்கிறார்கள். அங்கே பஸ் போக இடம் விட்டிருக்கிறார்களா? மழைநீர் ஓட வழி இருக்கிறதா? மனை வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.

இன்று கேட்கும் ஒரு கேள்வி, நாளை ஒரு வீட்டைக் காப்பாற்றும்.