கிணறு இறைக்கும் நாள்



செத்தவீட்டுக்கு எங்கள் ஊரில் யாரும் ஆள் அனுப்பும்வரை காத்திருப்பதில்லை. செய்தி கேட்டதும் ஒருவர் பந்தல் போட வருவார். இன்னொருவர் கதிரை கொண்டுவருவார். பக்கத்து வீட்டில் உலை வைப்பார்கள். ஆனால் உயிரோடு இருப்பவர் கஷ்டப்படும்போது, அவராகக் கேட்கட்டும் என்று நாங்கள் நிற்கிறோம். அவர் கேட்கக் கூச்சப்பட்டு நிற்கிறார். மீள்குடியேறிய கிராமங்களில் நான் அதிகம் கண்டது இதைத்தான்.

1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியில் எத்தனையோ வீடுகள் முன்பின் தெரியாதவர்களுக்குக் கதவு திறந்தன. உங்களில் சிலர் அந்த வீடுகளில் இருந்தவர்கள். அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

முகாமில் இருந்து வந்து இறங்கியதும் முதலில் வேண்டியது தண்ணீர். ஆண்டுக்கணக்கில் கைவிடப்பட்ட கிணற்றைத் தனியாகத் துப்புரவாக்க முயல வேண்டாம். கண்ணிவெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத வளவுக்குள் எத்தனை பேர் சேர்ந்தாலும் போகக் கூடாது. கிணற்றுக்குள் வெடிபொருள் கிடக்கலாம் என்று சந்தேகம் வந்தால் வாளிகூட இறக்காமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

பாழ்கிணற்றில் நச்சு வாயு தங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இறங்குபவரின் உடலில் கயிறு கட்டியிருக்க வேண்டும்; மேலே அதைப் பிடிக்க இருவராவது வேண்டும். நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் வைத்து ஓடவிடாதீர்கள், அதன் புகை ஆளைக் கொல்லும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கக் கூடாது. இறைத்துக் கழுவியபின் எவ்வளவு குளோரின் இடுவது, எப்போது குடிக்கலாம் என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

ஒரு கிராமத்தில் எட்டு வீட்டார் சேர்ந்து, ஞாயிறுக்கு ஒரு கிணறு என்று இறைத்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது ஒழுங்கு. ஒன்பதாவது வீட்டில் ஒரு தாயும் இரண்டு சிறு பிள்ளைகளும். அனுப்ப ஆள் இல்லை என்பதால் அந்தத் தாய் பெயரே கொடுக்கவில்லை. தூரத்துப் பொதுக் கிணற்றில் இருந்து குடத்தில் சுமந்தார். எங்களுக்கும் அது தெரியவில்லை, பட்டியலில் இல்லாத வீட்டை நாங்களும் பார்க்கவில்லை. அது எங்கள் பிழையும்தான்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவிதான் அதைக் கண்டார். "உனக்கு எழுத வருமல்லோ பிள்ளை, கொப்பியைப் பிடி" என்று அவர் சொல்ல, அந்தத் தாய் முறை எழுதினார், கயிறு வாளி யாரிடம் நிற்கிறது என்று பதிந்தார். அடுத்த ஞாயிறு அவருடைய கிணறு இறைக்கப்பட்டது. சும்மா வாங்கியதாக அவரும் நினைக்கவில்லை, சும்மா கொடுத்ததாக மற்றவர்களும் நினைக்கவில்லை.

எங்கள் நிறுவனம் கூரைத்தகரம் தரும், மண்வெட்டி தரும். தகரத்தை ஏற்றிக் கட்ட ஆள் தர எங்களால் முடியாது. அதனால் முறை எழுதும்போது ஆள் குறைந்த வீட்டை முதலாவதாக எழுதுங்கள்: முதியவர் தனித்திருக்கும் வீடு, காயப்பட்டவர் உள்ள வீடு, கணவனைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்ணின் வீடு.

இன்று எழும்புமுன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையில் இந்தக் கூட்டத்துக்கு வராத வீடு எது? திரும்பிப் போகும்போது அந்தப் படலையில் நின்று கூப்பிடுங்கள்.