போல்ட்டும் நட்டும்



நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் பஃபலோ நகரில். கோழி இறக்கையைப் பொரித்து, வெண்ணெயும் மிளகாய் சாஸும் பிரட்டிய ‘பஃபலோ விங்ஸ்’ 1964-இல் அங்குள்ள ஆங்கர் பாரில் பிறந்தது.

எனக்கு வேலை வாங்கித் தந்த நம் கல்லூரி சீனியர் அண்ணனுக்கு நன்றிக்கடனாக, முதல் சம்பளத்தில் ஒரு பாரில் விருந்து வைத்தேன். விங்ஸோடு, விலை அதிகம் என்பதாலேயே வீரியமான சிவப்பு ஒயின் சொன்னேன். இரண்டே வாய்! அண்ணனுக்குக் கண்ணீர்; பேச்சே வரவில்லை. எனக்கோ மானம் போயிற்று.

காரணம் பிறகுதான் புரிந்தது. மிளகாய் எரிச்சலை உணரும் அதே நரம்பு ஏற்பியை ஆல்கஹாலும் தூண்டிவிடும். 14 சதவீத ஒயின், எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். போதாக்குறைக்குத் துவர்ப்பு வேறு.

பரிமாறிய அம்மாள் சிரித்துக்கொண்டே, குளிர்ந்த ரீஸ்லிங் வெள்ளை ஒயின் கொண்டுவந்தார். அதே நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ் சரக்கு. லேசான இனிப்பு, நல்ல புளிப்பு, ஆல்கஹால் 11 சதவீதம், விலையும் பாதி. இனிப்பு எரிச்சலை அடக்கியது.

அண்ணன் மூச்சு விட்டுச் சொன்னார்: “தம்பி, போல்ட் காஸ்ட்லியா இருந்தா போதுமாடா? நட்டுக்குச் சேர வேண்டாமா?”

மெஷின் டிசைன் வகுப்பில் தூங்கியவனுக்கு அன்றுதான் பாடம் ஏறியது.