பூத் தொடுக்கத் தெரிந்த கைக்கு லேஸ் கஷ்டமா?



மைக்கைப் பிடித்து "அடுத்துப் பேச வருபவர்..." என்று மற்றவர்களைக் கூப்பிடுவதுதான் என் வேலை. இன்று என்னையே கூப்பிட்டுவிட்டார்கள். தலைப்பு "பொழுதுபோக்கு: பயனா, வீணா?" என் பொழுதுபோக்கு ஷட்டில் சேர்ப்பது.

உடனே உங்கள் மனதில் பூப்பந்து பறந்திருக்குமே! தப்பில்லை. லீ சோங் வெய் வளர்ந்த மாநிலத்தில் ஷட்டில் என்றால் வேறென்ன தோன்றும்? நான் சொல்வது டாட்டிங் ஷட்டில். லேஸ் பின்னும் கருவி. தறியில் ஓடும் நாடாவுக்குத் தூரத்துச் சொந்தம். இரண்டரை அல்லது மூன்று அங்குல நீளம். இரண்டு கிளிஞ்சலைச் சேர்த்து மூடியதுபோல் இருக்கும். நடுவில் ஒரு குட்டித் தூண், அதில்தான் நூல் சுற்ற வேண்டும். இரு முனைகளும் முட்டிக்கொண்டு நிற்பதால் நூல் உருவும்போது 'டிக், டிக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வராத பழைய ஷட்டிலை வாங்க வேண்டாம் என்பேன். முனை தேய்ந்திருக்கும், நூல் தானாக அவிழ்ந்து ஓடும்.

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "கடையில் மீட்டர் கணக்கில் மலிவாக லேஸ் கிடைக்கிறது, பிறகு எதற்கு இந்த வேலை? வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் விளையாட்டு நமக்கெதற்கு?" அவர் மட்டுமா சொன்னார்? பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கைவேலைக்கு வைத்த பெயரே 'ஃப்ரிவொலிதே'. உப்புச்சப்பில்லாத வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிக்காரர்கள் 'கியாக்கியெரீனோ' என்கிறார்கள். அதற்கு வாயாடி என்று அர்த்தம்! பெண்கள் கூடி உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் ஊருக்கு ஊர் இப்படித்தான் பெயர் வைப்பார்கள் போலிருக்கிறது. (சிரிப்பு)

லேஸ் விளையாட்டா என்பதற்கு நாகர்கோவில் பதில் சொல்லட்டும். சார்லஸ் மால்ட் என்ற லண்டன் மிஷனரியும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-இல் அங்கே வந்தார்கள். அந்த அம்மையார் நடத்திய பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அது ஷட்டில் வேலையில்லை. தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வகை. அப்போது திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி நடந்த காலம். அதை ஒழித்தது 1855-இல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துத் தங்களை விடுவித்துக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். நூலை விற்று விடுதலை வாங்கியிருக்கிறார்கள் ஐயா! மார்த்தாவின் மகள் எலைசாதான் 1844-இல் கால்டுவெல்லை மணந்தவர். சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்கிறாரே, அதே கால்டுவெல். இடையன்குடிக்கு லேஸைக் கொண்டுபோனவர் அந்த எலைசா. கணவருக்குச் சிலை இருக்கிறது. சரி, விடுங்கள்.

நம் பினாங்குக்கு வருவோம். 1852-இல் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் இங்கே கான்வென்ட் தொடங்கினார்கள். கான்வென்ட் என்றால் பாடத்தோடு தையலும் உண்டு. அந்தக் காலத்துப் பெண்களின் தையல் பெட்டிகள் இப்போது எங்கே போகின்றன என்று தெரிய வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கு வாருங்கள். என் சேகரிப்பில் பாதி அங்கே கிடைத்ததுதான்.

சேர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். இதைவிட நீண்டு, முனை திறந்திருக்கும் அழகான ஷட்டிலைக் காட்டி "இது டாட்டிங்" என்று விற்பார்கள். அது அதற்கு முந்திய காலத்து முடிச்சு வேலைக்கானது. லண்டன் நேஷனல் கேலரியில் ரெனால்ட்ஸ் வரைந்த ஆல்பமார்ல் சீமாட்டி கையில் இருக்கிறதே, அந்த வகை. அலமாரிக்கு நன்றாயிருக்கும், லேஸ் வராது. அடுத்தது தந்தமும் ஆமை ஓடும். ஆமை ஓட்டுக்கு 1977-லும், ஆப்பிரிக்க யானைத் தந்தத்துக்கு 1989-லும் அனைத்துலக வணிகத் தடை முடிவானது. பழசுதானே என்று பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டினால் வம்பு. ஆமை ஓடுபோலத் தெரிவதில் பல வெறும் செல்லுலாய்டு. "ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும்.

ஆனால் என்னிடம் இருப்பவற்றில் விலையுயர்ந்தது எதுவென்றால், ஐந்து வெள்ளிக்கு வாங்கிய ஒரு தகர டப்பா. நீல நிற டேனிஷ் பிஸ்கட் டப்பா. பிஸ்கட் இருக்கும் என்று திறந்து ஏமாந்து, ஊசி நூலைப் பார்க்காதவர் மலேசியாவில் உண்டா? ஒரு பாட்டி இறந்தபின் வீடு காலி செய்தபோது வந்தது என்றார் கடைக்கார அங்கள். உள்ளே எலும்பில் செய்த ஒரு ஷட்டில், நூல் சுற்றியபடியே. அந்த நூலின் மறுமுனையில் ஒரு கைக்குட்டை. மூன்று பக்கம் லேஸ் ஓரம் முடிந்திருக்கிறது. நாலாவது பக்கத்தில் ஏழாவது வளையம் மூடாமல் நிற்கிறது. டாட்டிங் தெரிந்தவர்கள் வளையத்தைப் பாதியில் விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.

நானே முடித்துவிடலாம் என்று முதலில் கை பரபரத்தது. முடிச்சுகளை எண்ணிப் பார்த்தேன். ஐந்து முடிச்சு, ஒரு சின்னக் கண்ணி, மறுபடி ஐந்து, அது சுலபம். ஆனால் அவர் முடிச்சு என்னுடையதைவிட இறுக்கம். நான் தொட்டால் அந்த இடம் தனியாகத் தெரியும். அதனால் கைக்குட்டையை அப்படியே வைத்துவிட்டு, புது நூலில் அவர் போட்ட மூலையை மட்டும் போட்டுப் பார்த்தேன். மூலையில் ஒரு வளையத்தை உள்பக்கமாகத் திருப்பியிருக்கிறார். என்னிடம் உள்ள எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு மூலை இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மூன்று நிமிடம். ஐந்து வெள்ளிக்கு விற்றார்களே என்று நான் அந்தக் குடும்பத்தைக் குறை சொல்லவில்லை. அந்த நாலாவது பக்கத்தை முடிக்க அந்த வீட்டில் ஒரு கை இல்லையே என்பதுதான் மனதை அறுக்கிறது.

டாட்டிங்கில் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். முடிச்சை ஷட்டில் நூலால் போடுவோம். போட்டதும் அந்த நூலைச் சுண்டி இழுத்து, இடது கை விரல்களைத் தளர்த்தினால் முடிச்சு 'டக்'கென்று இடது கை நூலுக்குத் தாவும். தாவினால்தான் வளையம் உருவிக்கொண்டு மூடும். தாவாவிட்டால் வெறும் சிக்கு. இதைப் படம் போட்டுக் காட்டினாலும் லேசில் புரியாது. விரலைப் பிடித்துத்தான் சொல்லித்தர வேண்டும். நான் நாலு நாள் திணறினேன். தினமும் சாமிக்கு மல்லிகை தொடுக்கும் என் அம்மா அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். லிட்டில் இந்தியா பூக்கடை அக்காமார்களைக் கவனியுங்கள். காம்புகளைச் சேர்த்து, நூலை விரலில் வளைத்து, சுண்டி இறுக்கும் அந்த லாவகம் இருக்கிறதே, முக்கால்வாசி டாட்டிங் அதிலேயே இருக்கிறது.

நடுவர் மணியடிக்கப் போகிறார், தெரிகிறது. அரங்க வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறேன். ஆறு பிளாஸ்டிக் ஷட்டில் வைத்திருக்கிறேன். தந்தம் எதுவுமில்லை, பயப்படாதீர்கள். ஷட்டிலில் சிவப்பு நூல், விரலுக்கு வெள்ளை நூல். முடிச்சு வெள்ளையாகத் தெரிந்தால் தாவிவிட்டது என்று அர்த்தம். எதிரணி நண்பரும் வரலாம். பூத் தொடுக்கத் தெரிந்தவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள்.