வீதியின் நடுத்திட்டு யாருக்கு?

(தோட்டத்துக் கலாசார மண்டபத்தில் நடைபெற்ற மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்த கையோடு, நனைந்த படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்கப் போவதில்லை. வழக்கமாக இந்த மண்டபத்தில் நாம் பேசுவது ஈ.பி.எப். பற்றி, பிள்ளைகளின் தடுப்பூசி பற்றி, லயத்துக் கான் சுத்தம் பற்றி. இன்றைக்கு ரோட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். "ரோட்டிலே நடக்கிறதுக்குமா கூட்டம்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்பது காதில் விழுகிறது. காரணம் இல்லாமல் இல்லை.

கடந்த ஆவணியில் நாம் நாற்பத்திரண்டு பேர் ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு நல்லூர்த் திருவிழாவுக்குப் போனது உங்களுக்குத் தெரியும். கண்டி வந்து, ஏ9 வீதி பிடித்து, விடிய விடிய ஓடி யாழ்ப்பாணம் சேர்ந்தோம். நல்லூரில் கும்பிட்டபின், நமது தோட்டத்திலிருந்து அங்கே கல்யாணம் செய்து போன பிள்ளையின் வீட்டில் சாப்பிட மானிப்பாய்க்குப் போனோம். மருதடிப் பிள்ளையாரையும் கும்பிட்டோம். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. புறப்படுகிற நேரத்தில்தான் அந்த விடயம் நடந்தது.

வெயில் என்றால் சும்மா வெயில் இல்லை. நமக்கெல்லாம் பழக்கமில்லாத வெயில். நடக்க முடியவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். சாரதித் தம்பி பஸ்ஸைச் சற்றுத் தள்ளி நிறுத்தப் போனார். நாம்தான் கையைத் தட்டி, "இங்கேயே நிறுத்துங்க தம்பி, வயசானவங்க இருக்காங்க" என்றோம். அவர் நமது பேச்சைக் கேட்டு, பாதசாரிக் கடவைக்கு மேலேயே பஸ்ஸின் மூக்கை ஏற்றி நிறுத்தினார். இதை மறைக்கப் போவதில்லை. நிறுத்தச் சொன்னது நாம்.

முக்கால்வாசிப் பேர் ஏறிவிட்டோம். ஒரு பெரியம்மா மட்டும், எதிர்ப்பக்கக் கடையில் பனங்கட்டிக் குட்டான் வாங்கி வருகிறேன் என்று இறங்கிவிட்டார். பெயர் சொல்லவில்லை. நாற்பது வருஷம் இந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், இப்போது முன்வரிசையில்தான் இருக்கிறார், சிரிக்கிறார் பாருங்கள். கடவைக் கோட்டைத்தான் அவரும் தேடினார். கோட்டின் மேல் பஸ் நிற்கிறது. ஆகவே பஸ்ஸின் முன்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு வீதிக்குள் காலை வைத்தார். அதே நேரம் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று, நிற்கிற பஸ்தானே என்று வலப்பக்கத்தால் வெட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பையனுக்குப் பெரியம்மாவைத் தெரியவில்லை. பெரியம்மாவுக்கு அவனைத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நமது பஸ் நின்றது.

தெய்வாதீனம், அவன் பிரேக் பிடித்துவிட்டான். கைபிடி பட்டுப் பெரியம்மா கீழே விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. பையன் அழுதேவிட்டான். கடைக்கார ஐயா ஓடி வந்து தண்ணீர் கொடுத்து, அவரைத் தூக்கி உட்கார வைத்த பிறகு நம்மைப் பார்த்துக் கேட்டார்: "என்ன வேலை பாத்தியள்? கோட்டுக்கு மேலை பஸ்ஸை விட்டா மனிசர் எங்காலை போறது? வாற மோட்டச்சைக்கிள்காரனுக்கு அவவைத் தெரியுமோ?" பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

மானிப்பாய் என்றால் மருத்துவத்துக்குப் பேர் போன ஊர். சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1848இல் அங்கேதான் நமது நாட்டுப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். பிறகு தமிழிலேயே கற்பித்தார், மருத்துவப் புத்தகங்களைத் தமிழிலே ஆக்கினார். இதையெல்லாம் பஸ்ஸிலே பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போன நாம், ஒரு மணி நேரம் கழித்து மாவுக்கட்டுப் போட வைத்தியசாலை வாங்கில் உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும் வழியில் ஒரு பெரிய டவுனில் இன்னொன்றையும் பார்த்தோம். அகலமான வீதி. நடுவிலே கல் கட்டி உயர்த்திய ஒரு திட்டு. பாதி வீதியைக் கடந்து வந்தவர்கள் ஏறி நின்று, மறுபாதியைப் பார்த்துக் கடப்பதற்காகக் கட்டியது. அதன் மேலே இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய், திட்டிலே நிற்க இடமில்லாமல், ஓடுகிற வாகனங்களுக்கு நடுவே கறுப்பு ரோட்டிலேயே நின்றார். வேறு நாள் என்றால் நாமும் பார்த்துவிட்டுப் போயிருப்போம். அன்றைக்குப் போக முடியவில்லை. ஆகவேதான் இந்தப் பேச்சு.

நடுத்திட்டு என்றால் என்ன? யாழ்ப்பாணத்தில் பழைய வீதி ஓரங்களில் சுமைதாங்கிக் கல் இருப்பதைப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு நடப்பவர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கிக்கொண்டு போவதற்காக வைத்தது. அதன் மேல் வண்டிக்காரர் வண்டியை ஏற்றி நிறுத்தினால் எப்படி இருக்கும்? நடுத்திட்டும் நடந்து போகிறவருக்கு வைத்த சுமைதாங்கிதான். இது புதுசும் இல்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்திலே 1862இல், குதிரை வண்டிகள் ஓடிய காலத்திலேயே, இப்படித் திட்டுக் கட்டினார்கள். யோசனை சொன்னவர் ஒரு சேணம் தைக்கும் தொழிலாளி என்று சொல்கிறார்கள். குதிரைக்கே திட்டுத் தேவைப்பட்டது என்றால் இன்றைய வேன்களுக்கு எவ்வளவு தேவை!

ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறோம், பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். டவுன் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் வாகனத்துக்கு உச்ச வேகம் மணிக்கு 50 கி.மீ. முச்சக்கர வண்டிக்கு 40. ஐம்பதில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் சுமார் 14 மீற்றர் ஓடிவிடும். ஆளைக் கண்டு, காலைப் பிரேக்கில் வைக்கவே ஒரு செக்கன் போய்விடும். பிறகு வாகனம் இழுத்து நிற்க இன்னும் அவ்வளவு தூரம் வேண்டும். மழை ரோட்டில் அதற்கும் மேலே. நம்ம பக்கத்து ரோட்டில் மழை இல்லாத நாள் எத்தனை?

இனி நடப்பவரின் கணக்கு. வயதானவர் செக்கனுக்கு ஒரு மீற்றர் நடந்தாலே பெரிய விடயம். ஏழு மீற்றர் அகலமான வீதியைக் கடக்க ஏழு செக்கன். அந்த ஏழு செக்கனில் ஐம்பதில் வருகிற வாகனம் நூறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய ஓடிவிடும். அப்படியானால், இரண்டு பக்கமும் நூறு மீற்றர் வெறுமையாக இருந்தால்தான் பெரியம்மா பயமில்லாமல் போகலாம். எந்த டவுனில் அப்படி இருக்கும்? நடுவிலே திட்டு இருந்தால் கதை வேறு. முதலில் வலப்பக்கம் மட்டும் பார்த்து மூன்றரை செக்கனில் திட்டுக்குப் போகலாம். நின்று மூச்சு விடலாம். பிறகு இடப்பக்கம் மட்டும் பார்த்து மற்றப் பாதி. ஐம்பது மீற்றர் வெளி கிடைத்தால் போதும். பயம் பாதியாகிவிடும்.

அந்தத் திட்டில் வாகனம் நின்றால் இதெல்லாம் வீண். ஏறி நிறுத்துவது மட்டும்தான் தவறு என்று நினைக்க வேண்டாம். திட்டுக்கு நேராக, கடவையை அடைத்துக்கொண்டு நிறுத்துவதும் அதே தவறுதான். திட்டில் நிற்பவர் அப்போது கூண்டுக்குள் அகப்பட்டவர் மாதிரி. இறங்க வழி இல்லை. வாகனத்தைச் சுற்றி வந்தால் எதிரே வருவதும் தெரியாது. வாகன நெரிசலில் முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் கடவைக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிற சாரதிகள்தான் இதிலே அதிகம். முன்னால் உள்ள வண்டி கடவையைத் தாண்டி, நமது வண்டிக்கும் இடம் விட்ட பிறகுதான் நாம் நகர வேண்டும். சில இடங்களில் கல் கட்டாமல், சரிவான வெள்ளைக் கோடுகளாலேயே திட்டுப் போல வரைந்திருப்பார்கள். வர்ணம்தானே என்று அதன் மேல் வண்டியை வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பக் காத்திருப்பார்கள். அதுவும் வாகனம் நிற்கும் இடம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். பலமுறை திருத்தியிருக்கிறார்கள். பிரித்தானியாவில் வரிக்கடவை சட்டத்துக்குள் வந்ததும் அதே 1951இல்தான். கடவையில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும், கடவையின் மேல் வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது. இது நமது நாட்டிலும் சட்டம், 1968இல் வியன்னாவில் எழுதிய சர்வதேச வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையிலும் உள்ள விதி. நடப்பவருக்கு வழிவிடுவதற்காகக் கோட்டுக்கு முன்னால் நிற்பது வேறு, ஆள் ஏற்றக் கோட்டின் மேலே நிற்பது வேறு. "ஒரு நிமிசம்தான் சார்" என்று சொல்கிறோமே, மானிப்பாயில் நமது பஸ் நின்றது ஒரு நிமிசம்கூட இருக்காது.

பிரித்தானிய வீதி ஒழுங்கில் ஒரு நல்ல விடயம் உண்டு. நடுவிலே திட்டு உள்ள வரிக்கடவையை ஒன்றாகக் கணக்கிடமாட்டார்கள், இரண்டு கடவைகளாகக் கணக்கிடுவார்கள். நடப்பவர் திட்டிலே நின்று இரண்டாவது கடவையைப் புதிதாகத் தொடங்க வேண்டும். நமது பிள்ளைகளுக்கும் அப்படியே பழக்கலாம் என்பது எங்கள் எண்ணம். முதல் பாதியில் வாகனம் நின்றுவிட்டது என்பதற்காக மறுபாதியிலும் நிற்கும் என்று ஓடுகிற பிள்ளைகளை அட்டன் டவுனிலே எத்தனையோ தரம் கையைப் பிடித்து இழுத்திருக்கிறோம்.

"நம்ம தோட்டத்து ரோட்டிலே திட்டு எங்கே இருக்கு?" என்று கேட்டால், இல்லைதான். ஆனால் கடவை இருக்கிறது. பழைய பழக்கத்தில் இன்னும் மஞ்சக் கோடு என்று சொல்கிறோம், வெள்ளையாக மாறிய பிறகும். பாடசாலைச் சந்தியில் அந்தக் கோட்டின் மேல் யார் நிறுத்துகிறார்கள்? வெளியூர்க்காரரா? கொழுந்து லொறி நம்முடையது. பாடசாலை வேன் நம்மவருடையது. த்ரீவீல் ஓட்டுவது நமது லயத்துத் தம்பிமார். சொன்னால் கோபிக்கக்கூடாது தம்பி, பிள்ளை இறங்க வசதி என்று கோட்டின் மேலேயே நிறுத்துகிறீர்கள். இறங்கிய பிள்ளை உங்கள் வண்டிக்கு முன்னால்தான் ஓடும். மானிப்பாயில் நடந்ததும் அதுதான், அங்கே எழுபது வயது, இங்கே ஏழு வயது. நமது நாட்டில் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்தில் இறக்கிறார்கள். அவர்களில் நடந்து போனவர்கள் கொஞ்சம் பேர் இல்லை.

இது பற்றித் தோட்ட நிர்வாகத்தோடும் தலைவர்மாரோடும் பேசியிருக்கிறோம். கொழுந்து லொறி இனிப் பாடசாலை விடுகிற நேரத்தில் சந்தியில் நிற்காது. மடுவத்துக்குக் கீழே உள்ள வளைவு தாண்டிய இடத்தில் நிற்கும். கொழுந்துச் சாக்கைக் கொஞ்ச தூரம் கூடுதலாகத் தூக்க வேண்டி வரும் என்று சில ஆண்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது, ஆகவே ஒரு தள்ளுவண்டி கேட்டிருக்கிறோம். வேன்காரத் தம்பிமார் கோட்டுக்கு முப்பது அடி தாண்டி நிறுத்த ஒத்துக்கொண்டார்கள். கோட்டுக்கு முன்னால் அல்ல, தாண்டி. ஏனென்றால் முன்னால் நின்றால் கோட்டில் போகிற பிள்ளையைப் பின்னால் வருகிறவருக்கு அந்த வேனே மறைக்கும். அதுவரை பெரிய வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சின்னவர்களைக் கூட்டிக்கொண்டு கடக்கட்டும். ஒருவேளை விபத்து நடந்துவிட்டால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள். பொலிசுக்கு 119. அடிபட்டவரை த்ரீவீலில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். முதுகெலும்பு பட்டிருந்தால் அதுவே கேடாகிவிடும்.

பெரியம்மாவின் கை இப்போது பரவாயில்லை. மழைக்காலத்தில் குடைகிறது என்கிறார். அன்றைக்கு வாங்கப் போன பனங்கட்டியைக் கடைக்கார ஐயா காசு வாங்காமல் வைத்தியசாலைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதை நாற்பத்திரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். வருகிற ஆவணிக்கும் போக வேண்டும் என்று பெரியம்மா இப்போதே பெயர் கொடுத்திருக்கிறார். சாரதியும் அதே தம்பிதான். பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று அவரிடம் சொல்லியாயிற்று. கோட்டைத் தாண்டி, அந்த ஐயாவின் கடையையும் தாண்டி, வேப்பமரத்தடியில். அதுவரை வெயிலிலே நடக்கத்தான் வேண்டும், ஆளுக்கொரு குடை கொண்டு வாருங்கள்.