நீராவி, டீசல், உழைப்பு: மலைப்பாதைகள் தரும் படிப்பினை

(பெங்களூரு ஒக்கலிபுரத்தில் நடைபெற்ற கட்சிக் கல்வி வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

"இயந்திரமும் தொழிலாளி வர்க்கமும்" என்ற தலைப்பில் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். சூத்திரங்களை அடுக்கிச் செல்வதைவிட, வரலாற்றில் நடந்தேறிய ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன்தரும் எனக் கருதுகிறேன். மலைக்காடுகளிலிருந்து மரம் இறக்குவதற்காகப் போடப்பட்ட இருப்புப்பாதைகளில் நீராவி போய் டீசல் வந்த மாற்றமே அது. ஒக்கலிபுரத்தின் ஓரமாகவே ரயில்பாதை செல்கிறது. ரயில்வே குடும்பங்களைச் சேர்ந்த தோழர்கள் பலர் இங்கு அமர்ந்திருக்கிறீர்கள். எனவே இது உங்களுக்கு அந்நியமான பொருளன்று.

நமக்கு அருகிலேயே அத்தகைய பாதை ஒன்று இருந்தது. கொச்சி சமஸ்தானத்தின் காட்டு ட்ராம்வே என்று அதற்குப் பெயர். ஆனைமலைத் தொடரின் பரம்பிக்குளம் காடுகளிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம். 1907ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது; 1963இல் மூடப்பட்டது. ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன்-கோப்பல் நிறுவனம் செய்த நீராவி எஞ்சின்கள் அதில் ஓடின. எஞ்சின் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் கம்பிவடம் பூட்டினார்கள். மரம் ஏற்றிய வண்டி தன் கனத்தாலேயே கீழே இறங்கும். அந்த இழுவிசையில், வடத்தின் மறுமுனையில் கட்டப்பட்ட வெற்று வண்டி மேலே ஏறும். பொறியியல் நோக்கில் வியக்கத்தக்க ஏற்பாடுதான்.

ஆனால் வியப்போடு நாம் நின்றுவிடலாகாது. அந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது? தேக்கும் பிற உயர்வகை மரங்களும் சாலக்குடியை அடைந்து, அங்கிருந்து ஷோரனூர்-கொச்சி ரயில்பாதை வழியாகச் சந்தைக்கும் துறைமுகத்துக்கும் சென்றன. சமஸ்தானத்தின் கருவூலம் நிறைந்தது. மரம் விளைந்த மண்ணிலோ காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தனர். காடு அரசின் சொத்து என்று சட்டம் எழுதப்பட்டபின், தம் காட்டிலேயே அவர்கள் அனுமதி கேட்டு வாழவேண்டியவர்களாக ஆக்கப்பட்டனர். 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும், 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டமும் இந்தப் பறிப்புக்குச் சட்ட வடிவம் தந்தன. அண்டை சமஸ்தானங்களும் அதே வழியில் நடந்தன.

இனி மாற்றத்துக்கு வருவோம். பரம்பிக்குளத்தில் நீராவி எஞ்சினின் இடத்தைப் பிடித்தது டீசல் எஞ்சின் அன்று. மலைச்சாலையில் ஏறிவந்த டீசல் லாரி. செலவு கட்டுப்படியாகவில்லை என்று கூறி ட்ராம்வே கைவிடப்பட்டது. அமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைகளிலும் இதுவே நடந்தது. செங்குத்தும் வளைவும் மிகுந்த பாதைகளுக்கென உருவாக்கப்பட்ட "ஷே" என்னும் பற்சக்கர நீராவி எஞ்சின் அங்கே கோலோச்சியது. எல்லாச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு அதன் சிறப்பு. இறுதி ஷே எஞ்சின் 1945இல் செய்யப்பட்டது. டீசல் எஞ்சின்கள் சில பாதைகளில் வந்தன என்றாலும், பெரும்பாலான பாதைகளை டிராக்டரும் லாரியுமே முடித்துவைத்தன. தைவானின் அலிஷான் மலையில் ஜப்பானியக் காலனியாட்சி மரத்துக்காகப் போட்ட பாதையிலும் ஷே எஞ்சின்களே ஓடின. அவற்றின் இடத்துக்கு டீசல் வந்தது. இன்று அங்கே மரம் வருவதில்லை. சுற்றுலாப் பயணியர் வருகின்றனர்.

ரயில் போய் லாரி வந்ததில் உழைப்பாளியின் நிலை என்னவாயிற்று என்பதே நமது கேள்வி. ரயில்பாதை தொழிலாளரை ஒன்றுசேர்க்கும். எஞ்சின் டிரைவர், பயர்மேன், பாதையைப் பேணும் கேங்மேன், பட்டறைத் தொழிலாளி என எல்லோரும் ஒரே நிர்வாகத்தின்கீழ் வேலை செய்வர். ஒரே இடத்தில் கூடுவர். ஒருவரின் குறை மற்றவர் காதில் விழும். சங்கம் பிறப்பது அப்படித்தான். லாரியோ ஒரு டிரைவர், ஒரு கிளீனர். முதலாளி வேறு, காண்டிராக்டர் வேறு, சுமை ஏற்றுவோருக்குக் கூலி தருபவர் வேறு. உழைப்பு பல துண்டுகளாகச் சிதறுகிறது. கணக்கேட்டில் இது "செலவுக் குறைப்பு" என்று எழுதப்படும். அந்தக் குறைப்பின் ஒரு பகுதி எரிபொருளிலிருந்து வருகிறது. மற்றொரு பகுதி, பேரம் பேசும் வலிமை இழந்த தொழிலாளியின் கூலியிலிருந்து வருகிறது.

நீலகிரி மலைப்பாதை இதற்கு வேறொரு முகம் காட்டுகிறது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் அது திறக்கப்பட்டது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே பாதை சுமார் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி வீதம் உயர்கிறது. ஆகவே தண்டவாளங்களுக்கு நடுவே பற்பட்டை பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வியபடி வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிச் செல்கிறது. குன்னூருக்கு மேலே சரிவு குறைவு. அங்கே டீசல் எஞ்சின் ஓடுகிறது. கீழே இன்றும் நீராவிதான். ஆனால் அங்கும் நிலக்கரியின் இடத்தை எண்ணெய் பிடிக்கத் தொடங்கியது. எண்ணெயால் எரியும் புதிய நீராவி எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் இந்த நூற்றாண்டிலேயே கட்டி முடித்தனர்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மலையேற்றத்தில் கரி அள்ளிப் போடுவது இடுப்பை முறிக்கும் வேலை. சுரங்கங்களுக்குள் புகையும் அனலும் தாங்க முடியாதவை. அந்த வேலை எளிதானது நல்லதே. இயந்திரம் முன்னேறுவதை நாம் எதிர்ப்பவர்கள் அல்லர். பழைய எஞ்சினின் புகையழகைப் பாடுவோர் பெரும்பாலும் அதன் உலைவாயில் நின்றவர்கள் அல்லர் என்பதையும் மறக்கலாகாது.

மார்க்ஸ் "மூலதனம்" முதல் தொகுதியில் இயந்திரங்கள் பற்றி நீண்டதோர் அத்தியாயம் எழுதியுள்ளார். அதன் சாரத்தை என் சொற்களில் கூறுகிறேன்: இயந்திரம் உழைப்பைக் குறைக்க வல்லது, மூலதனத்தின் கையில் அதுவே வேலைநாளை நீட்டும் கருவியாகிறது. நம் ரயில்வே இதற்கு நேரடிச் சான்று. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கவேண்டும், சாம்பல் வாரவேண்டும், நெருப்பைச் சீர்செய்யவேண்டும். எஞ்சின் நிற்கும்போது மனிதனும் சற்றே மூச்சு விட்டான். டீசல் எஞ்சினுக்கு அந்த ஓய்வு தேவையில்லை. நெடுந்தூரம் நிற்காமல் ஓடும். எஞ்சினுக்குத் தேவைப்படாத ஓய்வை மனிதனுக்கு மட்டும் ஏன் தரவேண்டும் என்று நிர்வாகம் எண்ணியது. அதே வேளையில் லோகோ ஷெட்டுகளில் கரி ஏற்றுவோர், நெருப்பு மூட்டுவோர், பாய்லர் கழுவுவோர் ஆகியோரின் பணியிடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஒருபுறம் ஆட்குறைப்பு, மறுபுறம் எஞ்சியவர்க்கு நீண்ட பணிநேரம்.

இதற்கு எதிரான போராட்டம் நம் மரபில் நெடியது. 1928இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி, பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுகுவித்து ஆட்குறைப்புச் செய்ய முற்பட்டபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தோழர் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றனர். 1946 செப்டம்பர் 5இல் அதே பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்துறந்தனர். டீசல்மயம் வேகம் பிடித்த காலத்தில், 1973இல், எஞ்சின் டிரைவர்களும் பயர்மேன்களும் வேலைநிறுத்தம் செய்து, பணிநேரத்தைப் பத்து மணி நேரமாக வரையறுக்க அரசை ஒப்புக்கொள்ளச் செய்தனர். மறு ஆண்டு மே 8 முதல் 27 வரை நாடே நின்றது. அந்த மாபெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலையும் ஒன்று.

இன்று டீசலும் விடைபெற்று வருகிறது. அகலப்பாதையில் மின்மயம் ஏறக்குறைய முழுமையடைந்துவிட்டது. எஞ்சின் மாறியது, கேள்வி மாறவில்லை. 2024 ஜூனில் தென்னக ரயில்வேயின் லோகோ பைலட்டுகள், நாள்பணிக்குப் பின்னான 16 மணி நேர ஓய்வோடு வார ஓய்வு 30 மணி நேரத்தையும் சேர்த்து 46 மணி நேரம் வேண்டும் என்று போராடினார்கள். தொடர்ச்சியான இரவுப்பணி இரண்டுக்கு மேற்படலாகாது என்பதும் அவர்கள் கோரிக்கை. தூக்கம் கெட்ட ஓட்டுநரின் பின்னால் ஆயிரம் பயணிகள் உறங்குகிறார்கள். ஆகவே இது ஒரு பிரிவினரின் சலுகைக் கோரிக்கையன்று. பொதுமக்களின் உயிர்ப் பாதுகாப்பு.

காட்டின் கணக்கும் தீர்ந்துவிடவில்லை. ட்ராம்வே போயிற்று, லாரியும் அடங்கிற்று. பரம்பிக்குளம் 2010இல் புலிகள் காப்பகமாயிற்று. முன்பு மரத்தின் பெயரால் ஒதுக்கப்பட்ட பழங்குடி மக்கள், பாதுகாப்பின் பெயரால் மீண்டும் ஒதுக்கப்படலாகாது. இடதுசாரிகள் வலியுறுத்தி நிறைவேறிய 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தந்துள்ள நிலவுரிமையும் சமூக உரிமையும் ஏட்டில் உறங்கக்கூடாது.

தோழர்களே, புதிய இயந்திரம் ஒன்று வரும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். மிச்சமாகும் நேரம் யாருக்கு? மறையும் வேலைக்கு மாற்று வேலை எங்கே? இயற்கையிலிருந்து எடுத்ததற்கு அங்கே வாழும் மக்களுக்குக் கிடைத்தது என்ன? பட்டறையிலும் ஷெட்டிலும், தகவல் தொழில்நுட்ப அலுவலகத்திலும்கூட இந்தக் கேள்விகள் பொருந்தும். உங்கள் கிளைகளில் இவற்றை விவாதியுங்கள். இங்கு சுற்றிலும் குடியிருக்கும் ரயில்வே தொழிலாளரிடம் சென்று அவர்களுடைய பணிநேரத்தைக் கேட்டறியுங்கள். நமது அடுத்த வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.